புரவலனும் இரவலனும்: யு.எஸ்.பி. இணைப்பில் மின்சாரம் வழங்கப்பெறும் முறை

மாணவர் விடுதியின் எவ்வறையிற் புகுந்து பார்ப்பினும் மேசையின்மீது இரண்டொரு யு.எஸ்.பி. கேபிள்கள் கிடத்தலைக் காணலாம். அவற்றின் வழியே செல்பேசியும் மின்சாரம் பெறுகின்றது, மடிக்கணினியும் பெறுகின்றது, காதிற் பொருத்தும் சிறு ஒலிக்கருவியும் பெறுகின்றது. இவற்றுள் ஒன்றுக்கு 60 வாட்டுக்கு மேலும் வேண்டப்படும்; மற்றொன்றுக்கு ஓரிரு வாட்டே போதும். எனினும் கேபிளும் ஒன்றே; சார்ஜரும் ஒன்றே. அங்ஙனமாயின் பெருங்கருவிக்கென அமைந்த சார்ஜர் சிறுகருவியை எரித்துவிடாமைக்குக் காரணம் யாது? இவ்வினா நம்மவர் பலர் உள்ளத்தில் அச்சமாகவே இருந்து வருகின்றது. மடிக்கணினியின் சார்ஜரிற் செல்பேசியைப் பொருத்த அஞ்சுவோர் பலர். கேபிள் யாதாயினும் ஆகுக என்று அஞ்சாதிருப்போரும் பலர். அஞ்ச வேண்டாவிடத்து அஞ்சுதலும், அஞ்ச வேண்டுமிடத்து அஞ்சாமையும் இப்பொருளின் இயல்பை அறியாமையால் விளைவன. ஆதலின் அதனை இயன்ற அளவு விளக்க முற்படுகின்றேன்.

தமிழ் பயில்வோர்க்கு இப்பொருள் முற்றிலும் புதியதன்று. மின்சாரத்தை வழங்குங் கணினியை ஆங்கிலேயர் 'ஹோஸ்ட்' என்பர். விருந்தோம்புவான் என்பது அச்சொல்லின் பொருள். அதனை நாம் 'புரவலன்' எனலாம். அதனிடம் வந்து பொருந்திப் பெறுங் கருவியை 'இரவலன்' எனலாம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில், ஒன்றை வேண்டுதற்குரிய சொற்கள் ஈ, தா, கொடு என மூன்று என்பர். இழிந்தோன் உயர்ந்தோனை வேண்டுங்கால் 'ஈ' என்பான். ஒத்தோன் ஒத்தோனைத் 'தா' என்பான். உயர்ந்தோன் இழிந்தோனைக் 'கொடு' என்பான். வேண்டுவார்க்கும் வழங்குவார்க்கும் உள்ள உறவு சொல்லிலேயே விளங்குதல் காண்க. யு.எஸ்.பி. இணைப்பிலும் மின்சாரம் வேண்டிப் பெறப்படுவதே. அவ்வேண்டுதலுக்கும் முறையும் வரம்பும் உண்டு. அவ்வரம்பு காலந்தோறும் எவ்வாறு வளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1. மின்னோட்டத்தின் இயல்பு

முதற்கண் ஓர் அடிப்படையைத் தெளிதல் வேண்டும். மின்னழுத்தத்தை வோல்ட் என்னும் அளவாலும், மின்னோட்டத்தை ஆம்பியர் என்னும் அளவாலும் குறிப்பர். இவ்விரண்டையும் பெருக்கி வருவது வாட் என்னும் திறன். இவற்றுள் மின்னழுத்தத்தை உறுதி செய்பவன் புரவலன். மின்னோட்டத்தை உறுதி செய்பவன் பெரும்பாலும் இரவலன்.

மாடியின்மேல் உள்ள நீர்த்தொட்டியை எண்ணுக. தொட்டியின் உயரம் மின்னழுத்தம் போன்றது. கீழுள்ள குழாயை எவ்வளவு திறக்கின்றோமோ அவ்வளவே நீர் வரும். தொட்டி பெரிதாயிருத்தலால் மட்டும் சிறு குழாயில் வெள்ளம் பெருகுவதில்லை. அதுபோலவே 5 வோல்ட் அழுத்தத்தில் 3 ஆம்பியர் வழங்கவல்ல சார்ஜர், அரை ஆம்பியரே வேண்டுங் கருவிக்கு அரை ஆம்பியரையே வழங்கும். சார்ஜரின்மீது பொறித்துள்ள ஆம்பியர் எண் அதன் ஆற்றலின் எல்லையைக் குறிப்பதேயன்றி, அது வலிந்து செலுத்தும் அளவைக் குறிப்பதன்று.

எனவே தீங்கு இரு வழியாலேயே வரக்கூடும். இரவலன் தன் புரவலனால் தாங்கக்கூடியதற்கு மேல் மின்னோட்டத்தை இழுத்தல் ஒன்று. அப்பொழுது அழுத்தம் தாழும், கம்பி சூடேறும், பிற கருவிகளும் தடுமாறும். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்மடங்காகும் என்பதை மறத்தலாகாது. இரவலன் தாங்கவியலாத மின்னழுத்தத்தைப் புரவலன் கொடுத்துவிடுதல் மற்றொன்று. யு.எஸ்.பி.யின் முற்பகுதி வரலாற்றில் முதல் தீங்கே எண்ணப்பட்டது. பிற்பகுதியில் இரண்டாவதும் சேர்ந்தது. இவ்விரண்டையுங் காக்க எழுந்தனவே பின்வரும் விதிகளெல்லாம்.

2. தோற்றம்

யுனிவர்சல் சீரியல் பஸ் என்பதன் சுருக்கமே யு.எஸ்.பி. என்பது. 1990-களின் முற்பகுதியில் கணினியின் பின்புறத்தில் விசைப்பலகைக்கு ஒரு வாயில், அச்சுக்கருவிக்கு ஒரு வாயில், மோடத்திற்கு ஒரு வாயில் என வெவ்வேறு வாயில்கள் இருந்தன. கருவிகள் பலவற்றுக்குத் தனித்தனி மின்னிணைப்பும் வேண்டியிருந்தது. இத்தொல்லையை நீக்கக் காம்பாக், டிஜிட்டல், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாப்ட், என்.இ.சி., நார்ட்டெல் என்னும் ஏழு நிறுவனத்தார் ஒன்றுகூடினர். 1996-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் முதல் விதிநூல் வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தில் இம்முயற்சியை முன்னின்று நடத்தியோருள் ஒருவர் இந்தியாவிற் பிறந்த அஜய் பட் என்பார்.

அக்கேபிளினுள் நான்கு கம்பிகள் இருந்தன. இரண்டு செய்திக்கு, ஒன்று 5 வோல்ட் மின்சாரத்திற்கு, மற்றொன்று அது திரும்பி வரும் நிலக்கம்பி. செய்தியையும் உணவையும் ஒரே வழியாக அனுப்பியதே இவ்வமைப்பின் சிறப்பு. உணவும் அவ்வழியே செல்லுதலால், அதனைப் பங்கிடும் முறையும் வேண்டியதாயிற்று.

3. வேண்டுதலும் இசைதலும்

100 மில்லி ஆம்பியர் என்பதை ஓர் அலகாக வகுத்தனர். புதிதாக வந்து பொருந்துங் கருவி எதுவாயினும் ஓர் அலகுக்கு மேல் இழுத்தல் கூடாது என்பது முதல் விதி. அஃதாவது, வாயிலில் வந்து நிற்கும் இரவலனுக்கு, அவன் யார் என்று வினவுமுன்னரே, பேசுதற்கு வேண்டிய அளவு உணவு கொடுக்கப்படுகின்றது. அதற்கு மேல் வேண்டுமாயின் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

கேட்கும் முறை வருமாறு: கருவியானது செய்திக் கம்பிகள் இரண்டனுள் ஒன்றை 1500 ஓம் அளவுள்ள ஒரு தடையின் வாயிலாக உயர்த்திப் பிடிக்கும். இது கதவைத் தட்டுதல் போன்றது. எக்கம்பி உயர்ந்தது என்பதைக்கொண்டு கருவியின் வேகத்தையும் கணினி உணரும். பின்னர்க் கணினி அதனைத் தொடக்க நிலைக்குக் கொணர்ந்து, 1 முதல் 127 வரையுள்ள எண்களுள் ஒன்றை முகவரியாக அளிக்கும். அதன்பின், 'நீ யார்? யாது வேண்டும்?' என வினவும். கருவி தன் தன்மையை விவரிக்கும் பட்டியை அனுப்பும்.

அப்பட்டியில் ஒரே ஓர் எண், தனக்கு வேண்டும் மிகுதியான மின்னோட்டத்தைக் கூறுவதாக அமைந்துள்ளது. அவ்வெண் 2 மில்லி ஆம்பியரை அலகாகக் கொண்டது. 50 என்று எழுதியிருப்பின் 100 மில்லி ஆம்பியர். 250 என்று எழுதியிருப்பின் 500 மில்லி ஆம்பியர். யு.எஸ்.பி. 2.0 விதியில் 500 மில்லி ஆம்பியரே பேரெல்லை. கணினி தன் கையிருப்பை நோக்கி, இயலுமாயின் 'இசைந்தேன்' என்னும் பொருள்பட ஒரு கட்டளை அனுப்பும். அக்கட்டளை பெற்ற பின்னரே கருவி தான் கேட்ட அளவை எடுத்துக்கொள்ளலாம். கையிருப்புப் போதாதாயின் கணினி இசையாது. போதிய மின்சாரம் இல்லை என்று திரையில் அறிவிக்கும். 2008-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த யு.எஸ்.பி. 3.0 விதி அலகை 150 மில்லி ஆம்பியராகவும் எல்லையை 900 மில்லி ஆம்பியராகவும் உயர்த்தியது. கேட்டுப் பெறும் முறையை மாற்றவில்லை.

ஒரு வாயிலைப் பலவாக்கும் 'ஹப்' என்னும் கருவியில் இக்கணக்கு நன்கு விளங்கும். தனக்கென மின்னிணைப்பு இல்லாத ஹப், யு.எஸ்.பி. 2.0 கணினியிடமிருந்து 500 மில்லி ஆம்பியர் பெறும். அதில் 100-ஐத் தனக்கு வைத்துக்கொண்டு, எஞ்சிய 400-ஐ நான்கு வாயில்களுக்கும் வாயிலொன்றுக்கு 100 வீதம் பங்கிடும். ஆகவே அதில் மவுஸும் விசைப்பலகையும் இனிது இயங்கும். 500 மில்லி ஆம்பியர் வேண்டும் வெளிவட்டுக்கு இடமில்லை. வட்டு சுழலத் தொடங்கி உடனே நின்று 'டிக், டிக்' என ஒலித்தலைக் கேட்டவர் உண்டு. அது வட்டின் குற்றமன்று, பங்கிற் போதாமையே. தனி மின்னிணைப்புள்ள ஹப்பாயின் ஒவ்வொரு வாயிலுக்கும் முழுப்பங்கும் கிடைக்கும்.

பொருந்துங் கணத்தில் நேரும் பேரிழுப்பையும் விதி மறக்கவில்லை. கருவியினுள் உள்ள மின்தேக்கி வெறுமையாயிருத்தலால் முதற்கணத்தில் மிகுதியாக விழுங்கும். அதனால் பக்கத்திலுள்ள கருவிகள் தடுமாறாதிருக்க, அத்தேக்கி 10 மைக்ரோ பாரட் அளவுக்கு மேற்படலாகாது எனவும், மேற்படின் மெல்ல மெல்ல நிரப்பப்படல் வேண்டும் எனவும் வகுத்தனர்.

4. உறக்கமும் விழிப்பும்

வேண்டும்போது பெறுதல் எத்துணை இன்றியமையாததோ, வேண்டாதபோது விடுதலும் அத்துணை இன்றியமையாதது. கணினி விழித்திருக்கும்போது கம்பியில் இடையறாது குறிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். 3 மில்லி நொடிகள் வரை எக்குறியும் வாராதாயின், கணினி ஓய்வு கொள்கின்றது என்று கருவி உணர்ந்து தானும் உறங்குதல் வேண்டும். உறக்கத்தில் அது 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தலாகாது. பழைய விதியில் சிறு கருவிகளுக்கு அரை மில்லி ஆம்பியரே எல்லையாயிருந்தது. அது மிகக் கடுமையானதென்று கண்டு பின்னர்த் தளர்த்தினர்.

உறங்குங் கணினியை விசைப்பலகையின் ஒரு பொத்தானை அழுத்தி எழுப்புகின்றோமன்றோ? அதுவும் இவ்விதியில் அடங்கும். எழுப்பும் உரிமையைக் கணினி முன்னரே அளித்திருப்பின், கருவி கம்பியில் ஒரு குறியை எழுப்பித் தன் புரவலனை விழிக்கச் செய்யலாம். உரிமை பெறாத கருவி அமைதியாய்க் காத்திருத்தல் வேண்டும்.

5. கேளாது கொள்வோர்

இவ்வளவு செம்மையான முறையிருப்பினும், அதனைப் பொருட்படுத்தாத கருவிகளும் உள. யு.எஸ்.பி. வாயிலிற் செருகும் சிறு விசிறியையும் விளக்கையும் எண்ணுக. அவற்றுட் பல செய்திக் கம்பிகளைத் தொடுவதேயில்லை. முகவரி பெறுவதுமில்லை, வேண்டுவதுமில்லை, மின் கம்பியில் வாய்வைத்து உறிஞ்சுகின்றன. தொல்காப்பியர் கூறிய மூன்று சொற்களுள் எதுவும் இவற்றுக்குப் பொருந்தாது. இவை இரப்பன அல்ல; எடுத்துக்கொள்வன.

இவற்றைத் தடுப்பது யாது? கணினியின் வாயிலில் ஒரு காவல் வைக்கப்பட்டிருக்கும். சூடேறியதும் தன் தடையை உயர்த்தி மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒருவகைப் பியூஸ் சிலவற்றில் உண்டு. மின்னோட்டத்தை அளந்து வெட்டும் சிறு சில்லு சிலவற்றில் உண்டு. ஆயினும் இக்காவல் ஒவ்வொரு மில்லி ஆம்பியரையும் கணக்கிட்டு நிற்பதன்று. பெரும்பாலான கணினிகளில் வரம்பு பெரிதும் மீறிய பின்னரே அது செயற்படும். எனவே 500 மில்லி ஆம்பியர் என்னும் எல்லையை நடைமுறையிற் காத்து வருவது கணினியின் வலிமையினும் கருவியின் நேர்மையே.

6. வாயில்லாப் புரவலன்

செல்பேசிகள் பெருகியபோது புதியதோர் இடர் தோன்றியது. 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் என்பது இரண்டரை வாட்டே. பெரிய மின்கலத்தை நிரப்ப அது நெடுநேரம் கொள்ளும். சுவரிற் பொருத்தும் சார்ஜருக்கோ மிகுதியாக வழங்கும் ஆற்றல் உண்டு. ஆனால் அதனுள் கணினி இல்லை. கேட்டால் மறுமொழி சொல்ல அதற்கு வாயில்லை. பேசாத புரவலனிடம் எவ்வாறு வேண்டுவது?

2007-ஆம் ஆண்டில் தொடங்கி 2010-ஆம் ஆண்டில் முதிர்ந்த மின்னேற்ற விதி இதற்கு எளிய வழி கண்டது. சார்ஜரினுள் செய்திக் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுக என்றது. செல்பேசி பொருந்தியதும், ஒரு கம்பியில் ஏறத்தாழ 0.6 வோல்ட் அழுத்தத்தை இட்டு, மறு கம்பியில் அது தோன்றுகின்றதா எனப் பார்க்கும். தோன்றுமாயின், 'இவன் சாதாரணக் கணினி வாயில் அல்லன். மிகுதியாக வழங்க வல்லவன்' என்று தெளிந்து, 1.5 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். தோன்றாதாயின் பழைய விதிக்குட்பட்டு நிற்கும். செய்தியும் பேசி மிகுதியாகவும் வழங்கவல்ல கணினி வாயில்களுக்கு மூன்றாவதொரு வகையையும் வகுத்தனர்.

ஆயினும் நிறுவனங்கள் சில, செய்திக் கம்பிகளில் வெவ்வேறு அழுத்தங்களை இட்டுத் தத்தமக்கெனத் தனிக்குறிகள் ஏற்படுத்திக்கொண்டன. ஒருவர் சார்ஜரில் மற்றொருவர் செல்பேசி மெல்லவே நிரம்பியது இதனாலேயாம். வழங்க ஆற்றலிருந்தும் மொழி ஒவ்வாமையால் வழங்கல் தடைப்பட்டது.

7. ஒத்தோர் வேண்டுதல்

2014-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த 'டைப்-சி' என்னும் வாயிலே இன்று நாம் எங்குங் காண்பது. தலைகீழாகச் செருகினும் பொருந்தும் என்பது பலரும் அறிந்த சிறப்பு. அதனினுஞ் சிறந்த மாறுதல், அதன் 24 முனைகளுள் இரண்டு, இணைப்பை அறிதற்கும் மின்சாரத்தைப் பேசி முடித்தற்குமே ஒதுக்கப்பட்டமை. அவற்றை 'சி.சி.' முனைகள் என்பர்.

பழைய வாயிலில் கருவி பொருந்தினும் பொருந்தாவிடினும் 5 வோல்ட் நின்றுகொண்டே இருந்தது. டைப்-சி வாயிலிலோ வெறுமையாயிருக்குங்கால் மின்சாரம் இல்லை. இரவலன் தன் சி.சி. முனையை 5100 ஓம் தடையால் நிலத்தோடு இணைத்திருப்பான். புரவலன் தன் சி.சி. முனையை வேறொரு தடையால் மேலே உயர்த்தியிருப்பான். இருவரும் கேபிள் வழியே பொருந்தியதும், இரு தடைகளுக்கும் இடையே ஓர் அழுத்தம் தோன்றும். அதனைக் கண்டே புரவலன் 'வந்திருப்பவன் உண்மை இரவலன்' என்று அறிந்து மின்சாரத்தைத் திறப்பான்.

அவ்வழுத்தமே புரவலனின் ஆற்றலையும் அறிவிக்கும். 5 வோல்ட்டோடு இணைத்த தடை 56,000 ஓம் ஆயின் சி.சி. முனையில் ஏறத்தாழ 0.4 வோல்ட் தோன்றும். அது பழைய யு.எஸ்.பி. எல்லையையே குறிக்கும். 22,000 ஓம் ஆயின் 0.9 வோல்ட் தோன்றும்; 1.5 ஆம்பியர் எடுக்கலாம். 10,000 ஓம் ஆயின் 1.7 வோல்ட் தோன்றும். 3 ஆம்பியர் எடுக்கலாம். முன்னே இரவலன் தன் வேண்டுகோளைச் சொன்னான். ஈண்டுப் புரவலன் தன் எல்லையை முந்திச் சொல்ல, இரவலன் அதற்குள் அடங்கி நிற்கின்றான்.

மேலும், மடிக்கணினியும் பவர் பேங்கும் ஒருகால் கொடுக்கும், ஒருகால் பெறும். செல்பேசியும் தன் மின்கலத்தினின்று காதொலிக் கருவிக்கு வழங்கும். புரவலனும் இரவலனும் தம்முள் உடன்பட்டு, இணைப்பைக் கழற்றாமலே நிலைமாறுதலையும் விதி இடந்தருகின்றது. பழைய கருவிகள் கணினியை நோக்கி 'ஈ' என்றன என்போமாயின், இவை ஒன்றையொன்று நோக்கித் 'தா' என்கின்றன எனல் தகும்.

8. பொய்யுரைத்த தூதர்

இருவருக்கும் இடையே நிற்கும் தூதன் கேபிள். தூதன் பொய்யுரைப்பின் என்னாகும் என்பதை உலகம் 2015-ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் கண்டது. ஒரு முனையில் பழைய அகன்ற செருகியும் மறுமுனையில் டைப்-சி செருகியும் உள்ள கேபிள்கள் அப்பொழுது கடைகளில் மிகுந்தன. பழைய முனை எவ்வகைக் கணினியிற் செருகப்படும் என்று அறிய இயலாமையால், அக்கேபிளினுள் 56,000 ஓம் தடையே அமைதல் வேண்டும் என்பது விதி. விற்கப்பட்ட பலவற்றில் 10,000 ஓம் தடை இருந்தது. அதாவது, 'என் பின்னாலுள்ளவர் 3 ஆம்பியர் வழங்குவார்' என்று கேபிள் பொய்க்கரி கூறியது. செல்பேசி அதனை நம்பி இழுக்க முற்பட்டது. மறுமுனையிலோ அரை ஆம்பியருக்கென அமைந்த பழைய வாயில் இருந்தது. இருவரிடத்தும் குற்றமில்லை. ஓர் அரிசி மணியினுஞ் சிறிய ஒரு தடையின் பொய் அது.

கூகிள் நிறுவனத்துப் பொறியாளர் பென்சன் லியுங் என்பார் இத்தகைய கேபிள்களைத் தாமே விலைகொடுத்து வாங்கிச் சோதித்து, நல்லன இவை, தீயன இவை என வெளியிட்டு வந்தார். 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சோதித்த கேபிள் ஒன்றில், மின்கம்பியும் நிலக்கம்பியும் இடம்மாறி இணைக்கப்பட்டிருந்தன. அதனைச் செருகியதும் அவருடைய மடிக்கணினியும் சோதனைக் கருவிகளும் பழுதாயின. பலர் உடைமையைக் காக்கும் முயற்சியில் தம் உடைமையை இழந்த அவரது செயல் பாராட்டத்தக்கது.

இரவலன் தன்னைத் திருந்தச் சொல்லாமையால் உணவு பெறாது நின்றமைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினியில், இரு சி.சி. முனைகளுக்கும் தனித்தனியே அமைய வேண்டிய 5100 ஓம் தடை ஒன்றாகவே வைக்கப்பட்டது. சில்லுடைய உயர்தரக் கேபிளாற் பொருத்தியபோது, சார்ஜர் அதனை ஒலிக்கருவியெனக் கருதி மின்சாரத்தைத் திறக்கவில்லை. பின்னர் வந்த பலகைகளில் அக்குறை நீக்கப்பட்டது. ஐயம் எழுந்தவிடத்து வழங்காது நிற்பதே பாதுகாப்பு என்பது டைப்-சி வாயிலின் கொள்கை.

9. உடன்படிக்கை

இனி 5 வோல்ட்டைக் கடந்த நிலையைக் காண்போம். மடிக்கணினிக்கு 100 வாட் வேண்டுமாயின் 5 வோல்ட்டில் 20 ஆம்பியர் ஓட வேண்டும். மெல்லிய கேபிள் அதனைத் தாங்காது. அழுத்தத்தை 20 வோல்ட்டாக உயர்த்தின் 5 ஆம்பியரே போதும். மின்னோட்டம் நான்கில் ஒன்றாதலின், அதே கம்பியில் வெப்பம் பதினாறில் ஒன்றாகும். இது பற்றியே அழுத்தத்தை உயர்த்த எண்ணினர். ஆயின் 5 வோல்ட்டே தாங்குங் கருவிக்கு 20 வோல்ட் சென்றுவிடின் அது அழியும். முன்னர்க் கூறிய இரண்டாந் தீங்கு இதுவே. இதனைக் காப்பது, 2012-ஆம் ஆண்டில் முதற்கண் வெளிவந்து, 2014-ஆம் ஆண்டில் டைப்-சி வாயிலோடு இணைந்த 'பவர் டெலிவரி' என்னும் விதி.

அவ்விதிப்படி எந்த இணைப்பும் 5 வோல்ட்டிலேயே தொடங்கும். பின்னர்ச் சி.சி. கம்பியின் வழியே உரையாடல் நிகழும். புரவலன் முந்தி, '5 வோல்ட்டில் இவ்வளவு, 9 வோல்ட்டில் இவ்வளவு, 15-இல் இவ்வளவு, 20-இல் இவ்வளவு என்னால் வழங்க இயலும்' எனப் பட்டியலிடுவான். இரவலன் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, வேண்டும் மின்னோட்டத்தையும் சொல்லி வேண்டுவான். புரவலன் 'இசைந்தேன்' என்பான், அழுத்தத்தை மாற்றுவான், மாற்றி முடித்தபின் 'ஆயத்தம்' என்று அறிவிப்பான். அதன்பின்னரே இரவலன் முழு அளவை எடுத்துக்கொள்வான். இவ்வுரையாடல் முழுதும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பேசத் தெரியாத கருவி பொருந்துமாயின் அதற்கு 5 வோல்ட்டே கிடைக்கும். மடிக்கணினியின் சார்ஜரிற் செல்பேசியைப் பொருத்தலாம் என்று கூறுவதற்குக் காரணம் இதுவே.

தூதனையும் இவ்விதி சோதிக்கின்றது. 3 ஆம்பியருக்கு மேற்பட வேண்டுமாயின் கேபிளின் செருகியினுள் ஒரு சில்லு இருத்தல் வேண்டும். புரவலன் அச்சில்லையும் வினவி, '5 ஆம்பியர் தாங்குவேன்' என்னும் மறுமொழி பெற்றாலன்றி 3 ஆம்பியருக்கு மேல் வழங்க முன்வரான். 100 வாட் சார்ஜரும் 100 வாட் மடிக்கணினியும் இருந்தும், சாதாரணக் கேபிளில் 60 வாட்டே ஓடுதற்குக் காரணம் இது.

செல்பேசியின் மின்கலம் நிரம்ப நிரம்ப அதன் அழுத்தமும் சிறிது சிறிதாக உயரும். அதற்கேற்பச் சார்ஜரின் அழுத்தத்தை 20 மில்லி வோல்ட் படிகளால் மாற்றிக் கேட்கும் முறையொன்றும் பிற்காலத்துச் சேர்க்கப்பட்டது. அழுத்தத்தை மாற்றும் வேலையும் அதனால் எழும் வெப்பமும் செல்பேசியினுள் குறைந்து, பெரும்பகுதி சார்ஜரிடம் செல்கின்றன. இம்முறையில் இரவலன் 10 நொடிக்கு ஒருமுறையேனும் தன் வேண்டுகோளைப் புதுப்பித்தல் வேண்டும். பேச்சு நின்றுபோமாயின் புரவலன் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவான்.

2021-ஆம் ஆண்டில் இவ்விதி 28, 36, 48 வோல்ட் என மேலும் உயர்ந்து, 48 வோல்ட்டில் 5 ஆம்பியராக 240 வாட் வரை சென்றது. எல்லை உயர உயரக் காவலும் கடுமையாயிற்று. இவ்வுயர்நிலையில் இரவலனிடமிருந்து ஒரு நொடியளவேனும் செய்தி வாராதொழியின் புரவலன் இணைப்பைத் தொடக்க நிலைக்குத் தள்ளிவிடுவான். கேபிளைக் கழற்றினும் மின்கம்பியின் அழுத்தம் ஒரு நொடிக்குள் தாழ்ந்து சுழியாகிவிடும். அடுத்து வரும் வேறொருவன் முன்னவனுக்கென வைத்த 20 வோல்ட்டை அறியாது பெற்றுவிடலாகாது என்பது கருத்து.

ஐரோப்பிய ஒன்றியம் 2022-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தால், செல்பேசி முதலிய கருவிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப்-சி வாயிலையே பொது வாயிலாக விதித்தது. மொழி வேறுபாட்டால் முன்னர் நேர்ந்த இடர் இதனாற் பெரிதும் குறையும் என்பது துணிபு.

10. பயன்

மேற்கூறியவற்றால் நாம் கைக்கொள்ளத்தக்கன சில. முதலாவது, சார்ஜரின் வாட் எண் பெரிதாயிருத்தல் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. விதிப்படி அமைந்த சார்ஜர் கேட்டதற்கு மேற் கொடாது. இரண்டாவது, கேபிளைத் தேர்வதிற் கருத்து வேண்டும். சில ரூபாய் குறைவெனக் கருதி வாங்கிய தூதனிடம் பல்லாயிரம் ரூபாய்ப் பொருளை ஒப்படைத்தல் அறிவுடைமையன்று. மூன்றாவது, பல வாயிலுள்ள சார்ஜரில் மற்றொரு கருவியைச் செருகியதும் முதற்கருவி ஒரு கணம் நின்று தொடருமாயின் அதனைப் பழுதெனக் கொள்ளற்க. பங்கு மாறியதால் உடன்படிக்கை புதுப்பிக்கப்படுகின்றது. நான்காவது, செருகியோ கேபிளோ கைபொறாத அளவு சூடேறுமாயின், எவ்விதியையும் நம்பியிராது உடனே கழற்றுக.

இவ்வமைப்பு முழுதும் மெய்யுரையின்மேல் நிற்பது. இரவலன் தன் தேவையை மெய்யாகச் சொல்லுகின்றான். புரவலன் தன் எல்லையை மெய்யாகச் சொல்லுகின்றான். இடைநிற்குந் தூதனும் மெய்யே சொல்லுதல் வேண்டும். காவல்கள் பல இருப்பினும், இம்மூவருள் ஒருவன் பொய்த்தவிடத்தே தீங்கு விளைந்ததை 2015-ஆம் ஆண்டின் கேபிள்கள் காட்டின. வழங்கும் ஆற்றல் இரண்டரை வாட்டினின்று 240 வாட்டாக உயர்ந்த இக்கால் நூற்றாண்டில், கேட்டு இசைந்து பெறும் முறையும் படிப்படியாக நுணுகி வந்துள்ளது. கண்ணுக்குப் புலப்படாத இவ்வேண்டுதலும் இசைதலும், நாம் ஒரு கேபிளைச் செருகுந்தோறும் நம் கைகளுக்கிடையே நிகழ்கின்றன. அதனை அறிந்து செருகுவோமாக.